பற்றாக்குறையை யார் தலையிற் கட்டுவது?



மாகாண வரவு செலவில் துண்டு விழுகிறதாம். செலவைக் குறைக்க வேண்டுமாம். எதை? பாடசாலையையா, கிராமத்து மருந்தகத்தையா? வரவு எங்கே போயிற்று என்று முதலிற் கேட்போம்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் புரள்வு வரியை மாகாண சபைகளுக்கு அளித்தது. 2011இல் அது நின்றது. ஈடாகத் தேச நிர்மாண வரியில் மூன்றிலொரு பங்கு என்றது கொழும்பு. 2019 டிசம்பரில் அவ்வரியே ஒழிந்தது! எஞ்சியவை முத்திரைத் தீர்வை, வாகன அனுமதிக் கட்டணம் போன்ற சில்லறைகள். மற்றதற்குத் திறைசேரி வாசலிற் காத்திருப்பு. கல்முனைக் கடைத்தெருவின் வணிகத்துக்கு வரியில்லையா? உண்டு, அது கொழும்புக்குப் போகிறது.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. 2024 முடியும்வரை தேர்தலும் நடக்கவில்லை. ஆளுநரின் கணக்கைத் தட்டிக்கேட்க நமக்கோர் உறுப்பினர் இருக்கவில்லை.

கரைவலைக்காரனுக்கும் வட்டை விவசாயிக்கும் புதுக் கட்டணம் விதிக்குமுன் புரள்வு வரியைத் திருப்பித் தருக. தேர்ந்தெடுத்த சபையிற் கணக்கை வைத்து வாதிடுவோம். அமைச்சர்களின் வாகனச் செலவிலிருந்தே வெட்டைத் தொடங்கலாம்.