கையெழுத்து வைக்க முன்



ஜேர்மனியில் எனது முதல் வீட்டை விட்டு வெளியேறியபோது முற்பணமான 'கவுட்சியோன்' திரும்பி வரவில்லை. சுவரில் கீறல் என்றார் வீட்டுக்காரர். அந்தக் கீறல் நாங்கள் குடிபுக முன்பே இருந்தது, எழுத்தில்தான் இல்லை. வணிகமாணிப் பட்டம் வைத்திருந்தும், பற்றுச்சீட்டு இல்லாமல் காசைக் கையில் கொடுத்திருந்தேன்!

வீட்டைப் பொறுப்பேற்கும்போது 'ஊபகாப புரோட்டோக்கோல்' எழுதுவியுங்கள். மின்மானி இலக்கம், திறப்புகளின் எண்ணிக்கை, பழுதுகள் எல்லாம் அதில் வரட்டும். இருவரும் கையொப்பமிடுங்கள். படமும் எடுங்கள்.

கவுட்சியோன், 'நேபன்கோஸ்டன்' சேராத வாடகையின் 3 மடங்கைத் தாண்டக்கூடாது. வாடகை 600 ஐரோ என்றால் 1,800. அதையும் 3 சம மாதத் தவணைகளில் கட்டலாம். வீட்டுக்காரர் அதைத் தன் சொந்தக் காசோடு கலக்கக்கூடாது, வட்டியும் உங்களுடையது. குடியியல் சட்டத்தின் 551ஆம் பிரிவு இது.

2024ஆம் ஆண்டின் நேபன்கோஸ்டன் கணக்கு 31.12.2025க்குள் உங்கள் கையில் கிடைத்திருக்கவேண்டும். தன் தவறால் பிந்தினால் அவர் மேலதிகக் காசு கேட்கமுடியாது. ஒரு குடும்பம் பயத்தில் கட்டிவிட்டுத்தான் என்னிடம் கடிதத்தைக் காட்டியது. அதை அவர்களுக்கு வாசித்துச் சொன்னது பன்னிரண்டு வயது மகள்.

வீட்டை விடுவதற்கு 3 மாத முன்னறிவித்தல் வேண்டும். கடிதம் மாதத்தின் 3ஆம் வேலைநாளுக்குள் கிடைக்கவேண்டும். மின்னஞ்சல் செல்லாது. ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையொப்பமிடவேண்டும்.

சந்தேகம் என்றால் உங்கள் நகரத்து 'மீற்றர்ஃபெறைன்' சங்கத்திடம் போங்கள். சந்தா கட்டவேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு விடுங்கள்.