நரம்பு என்னும் ஒரு சொல்



திரிங்காப் மலைச்சரிவில் நாள் முழுதும் நின்று உழைப்போர் காலில் நீலக்குழாய் புடைத்து நெளியக் கண்டால், 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோம். புண்ணாகிக் குருதி கசிந்தாலும் அதே சொல்தான். அச்சொல்லுக்குள் மூன்று உறுப்புகள் மறைந்து கிடக்கின்றன. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது தமனி. மீட்டு வருவது சிரை. உணர்வைக் கடத்துவதே நரம்பு. இலங்கைத் தமிழர் முன்னிரண்டையும் நாடி, நாளம் என வழங்குவர்.

தமனியையும் சிரையையும் இணைப்பவை மயிரினும் நுண்ணிய தந்துகிகள். அங்கேதான் குருதியின் வேகம் தணிந்து, தோலும் தசையும் ஊட்டம் பெறுகின்றன. சிலருக்குப் பிறவியிலும், சிலருக்குக் காயத்தின் பின்னும், தமனி நேரே சிரையோடு இணைந்துவிடுகிறது. அழுத்தம் தாங்காது சிரை புடைக்கிறது; ஊட்டம் கிட்டாத தோல் புண்ணாகிறது; சிறு உரசலிலும் குருதி பீறிடுகிறது. தொட்டால் வெம்மையும் துடிப்பும் தெரியலாம். சாதாரணச் சிரைப்புடைப்பில் அத்துடிப்பு இராது.

குருதி பெருகினால் நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். தூய துணியால் 10 நிமிடம் விடாது அழுத்துங்கள். காப்பித்தூள் அப்ப வேண்டா. உடனே தானா ராத்தா மருத்துவமனைக்கு விரையுங்கள். இந்நோய்க்குக் களிம்பு மட்டும் போதாது. ஒலியலைக் கருவியாலும் குருதிக்குழாய்ப் படத்தாலும் பிழையான இணைப்பைக் கண்டறிந்து, வல்லுநர் மெல்லிய குழாயை உட்செலுத்தி, உலோகச் சுருளாலோ பசைமருந்தாலோ அதனை அடைப்பர். சிலருக்கு அறுவையும் வேண்டும். ஊட்டும் தமனியை மட்டும் தொலைவில் கட்டினால், வேறு கிளைகள் பருத்து நோய் மீளும்.

இதில் மொழிக்கு என்ன பணி? பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பேரப்பிள்ளையே அங்கு மொழிபெயர்ப்பாளன். அவன் நரம்பை மலாயில் 'சராப்' என்று சொன்னால், மருத்துவரின் எண்ணம் நரம்பு நோயின்பால் திரும்பக்கூடும். சொற்பிழை காலத்தை விழுங்கும்.

சொல் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவம் கூறும் அவரது 'இரண வைத்தியம்' 1867இல் அச்சேறியது. நூலில் ஏறிய சொல் இன்னும் நம் நாவில் ஏறவில்லை.

ஆசிரியர்களே, தமனி, சிரை, நரம்பு மூன்றையும் பிரித்துக் கற்பியுங்கள். மாணவர்களே, பெயர் மறந்தாலும் கண்டதைச் சொல்லுங்கள்: 'சூடாக இருக்கிறது, துடிக்கிறது, குருதி பீறிட்டது.' ஒரு காலைக் காக்க அவை உதவும்.