கஸ்கெட்டின் குற்றமா?

மோட்டார்க் கார் வைத்திருப்போர் மெக்கானிக்கின் வாயிலிருந்து கேட்க அஞ்சுஞ் சொற்கள் சில உள. அவற்றுள் தலையாயது, "ஹெட் கஸ்கெட் போய்விட்டது" என்பதாகும். முதன்முறை கேட்பவர் ஒருவாறு மனந்தேறுவர். பெருந்தொகை கொடுத்துத் திருத்திய சில மாதங்களிலே அதனையே மறுபடியுங் கேட்பவரின் நிலை சொல்லுந்தரமன்று.

எஞ்சினின் உடற்பகுதியாகிய சிலிண்டர் பிளொக்குக்கும், அதன்மேல் அமர்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே இறுக்கப்படும் மெல்லிய தகடே கஸ்கெட். எரியும் வாயு, சூடேறிய தண்ணீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமற் காப்பது அதுவே. அது தளர்ந்தால், கசிவு கண்ணிற் படாமலே தண்ணீர் குறையும். புகைக்குழாயில் வெண்புகை எழும். எண்ணெய் பாலேடுபோல வெளுக்கும்.

இவ்வகையிற் பெயர் கெட்டது இங்கிலாந்தின் றோவர் கம்பெனியார் 1980களின் இறுதியில் வெளியிட்ட 'கே' வரிசை எஞ்சின். அலுமினியத்தாலான அவ்வெஞ்சின் இலேசானது, வேலைப்பாட்டிற் சிறந்தது. ஓரடிக்கும் மேல் நீளமான பத்துப் போல்ற்றுகள் ஹெட், பிளொக், அடிப்பகுதி யாவற்றையும் ஊடுருவிப் பிணைத்தன. அதனை 1.8 லீற்றராகப் பெருக்கி, 1995இல் எம்.ஜி.எஃப். காரிலும் 1997இல் ஃபிறீலாண்டர் வண்டியிலும் பொருத்தினர். முறைப்பாடுகளும் பெருகின.

பழி முழுவதுங் கஸ்கெட்டின் மீதே விழுந்தது. ஆயின் அவ்வெஞ்சினுட் சுற்றுந் தண்ணீரோ சிறிதளவே. குழாயொன்றிற் சிறு கசிவு ஏற்பட்டாலும் எஞ்சின் கொதித்தது. சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு, தண்ணீர் எஞ்சினுட் புகும் பக்கத்தில் இருந்தமையால், சூடேறிய உலோகத்தின்மீது குளிர்ந்த தண்ணீர் திடீரெனப் பாய்ந்தது. ஹெட்டை இடம்பெயராமல் நிறுத்தும் முளைகள் ஒரு காலத்திற் பிளாஸ்டிக்கினால் ஆக்கப்பட்டிருந்தன! பின்னர் உருக்கு முளைகளும், பல அடுக்கு உருக்குத் தகடுகளாலான கஸ்கெட்டும் வந்தன. எம்.ஜி. றோவர் எனப் பெயர்மாறியிருந்த கம்பெனி 2005 ஏப்பிரலில் முறிந்தது.

கார் வாங்கியவர் இருபுறமும் இடிபட்டார். "கொதிக்க விட்டது உமது தவறு" என்றது கராஜ். "சரியாகப் பூட்டாதது கராஜின் தவறு" என்றது விற்ற இடம். தகடோ மலிவு, கழற்றிப் பூட்டுங் கூலியே பெரிது. அக்கூலியை மும்முறை கொடுத்தவருக்கு எஞ்சினியரிங் விளக்கம் எவ்வாறு இனிக்கும்?

பழைய தகட்டை எடுத்துப் புதியதை வைப்பது மாத்திரம் திருத்தமாகாது. ஹெட் வளைந்துள்ளதா என நேர்விளிம்புக் கோல் வைத்துப் பார்த்தல் வேண்டும். சிலிண்டர் உறைகள் பிளொக்கின் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கின்றனவா, அமிழ்ந்துள்ளனவா என அளத்தல் வேண்டும். போல்ற்றுகளை உரிய ஒழுங்கில் 20 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்கி, பின்னர் இருமுறை அவ்வொழுங்கிலேயே அரைச்சுற்றுச் சுற்றுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, முதலிலே தண்ணீர் எவ்வழியாக ஒழுகிற்று என்பதைக் கண்டுபிடித்தல் வேண்டும். இதனைச் செய்யாத கராஜிலிருந்து வெளிவரும் வண்டி, சில மாதங்களில் அதே வாசலுக்கு இழுத்துவரப்படும்.

அடிபட்டுத் தெளிந்த உரிமையாளர், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பொனற்றைத் திறந்து, தண்ணீரின் மட்டத்தைப் பார்த்த பின்னரே திறப்பைத் திருகுவார்.