பாரசீகத்தில் ‘தானும்’ கூட்டுவினையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி பாரசீக இலக்கணம் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். என் முனைவர் பட்ட ஆய்வு தமிழ்க் கூட்டுவினைகளைப் பற்றியது. ‘கைது செய்’, ‘ஏற்பாடு செய்’ போன்றவை பிறமொழிச் சார்பால் விளைந்த தளர்ச்சி என்று அதில் துணிந்து எழுதினேன். பாரசீகம் பயிலத் தொடங்கிய பின்னர் அத்துணிவு குலைந்தது. அதனைச் சொல்லவே வந்தேன்.

முதலில் தற்சுட்டுப் பெயர். தான், தாம் என்பன நமக்குப் படர்க்கைக்கே உரியன. பாரசீகத்தில் ‘கொத்’ என்னும் சொல் மூவிடத்திற்கும் பொது. ‘கொதம்’ என்றால் நானே, ‘கொதத்’, நீயே, ‘கொதஷ்’, அவனே அல்லது அவளே (அம்மொழிப் பெயர்களில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை). ஈறின்றி நின்றால் எழுவாயைச் சுட்டும். ‘கெத்தாபெ கொத் ரா கான்தம்’ என்பதன் பொருள், ‘என் நூலைப் படித்தேன்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தன் நூலைப் படித்தேன்’ என்றாகி நம் செவியில் இடறும்.

கற்போர் உண்மையில் திணறுவது கூட்டுவினையில்தான். அன்றாட வழக்கில் தனிவினைகள் குறைவு. பெயரோடு செய், அடி, தின், கொடு போன்ற பொருள் தரும் வினையொன்று சேர்ந்தே பல செயல்கள் உணர்த்தப்படும். பேசுதல் ‘ஹர்ஃப் ஜதன்’, அதாவது சொல் அடித்தல். கீழே விழுதல் ‘ஜமீன் கொர்தன்’, நிலம் தின்னுதல். நம் ஜமீன்தாரின் ஜமீனேதான். அவர்கள் தின்ற நிலத்தைப் பற்றி ஈண்டுப் பேச்சில்லை. தோற்கடித்தல் தோல்வி கொடுத்தல். தோற்றல் தோல்வி தின்னுதல். விந்தை என்றெண்ணி நகைத்தேன். பிறகு கட்டுண்டான், அறையுண்டான் என்பன நினைவுக்கு வந்தன. உறவில்லாத இரு மொழிகள், செயலுக்கு ஆளாவதை உண்ணுதலாகக் கண்டிருக்கின்றன!

இக்கூட்டு இறுகிய ஒரு சொல்லும் அன்று. ‘ஹர்ஃப் நெமீஜனம்’, பேசுவதில்லை என்பதில் எதிர்மறை முன்னொட்டு பெயரைக் கடந்து வினையில் ஒட்டுகிறது. ‘தூஸ்தத் தாரம்’ என்பது ‘உன்னை விரும்புகிறேன்’. தூஸ்த், நண்பர், தாரம், உடையேன், இடையிலுள்ள ‘அத்’ உன்னை. விரும்பப்படுபவரைத் தன் நடுவிலேயே வைத்துக்கொள்கிறது அவ்வினை. ஜமீன்தார், தாசில்தார் ஆகியவற்றின் ‘தார்’ இதே வினையடியே.

தனிவினை அருகினால் அறிவியற் சொல்லாக்கம் தளரும் என்று ஈரானிய மொழியியலார் முகம்மது ரெஜா பாத்தெனி கவலையுற்றார். ‘தானெஸ்தன்’ (அறிதல்) என்னும் தனிவினையின் அடியிலிருந்து அறிவுக்குத் ‘தானெஷ்’, அதிலிருந்து பல்கலைக்கழகத்திற்குத் ‘தானெஷ்காஹ்’ எனக் கிளைத்தன. ‘ஹர்ஃப் ஜதன்’ அத்துணை எளிதாகக் கிளைப்பதில்லை. இங்கேதான் என் பிழை விளங்கிற்று. பெயரோடு ‘செய்’ சேர்வது இழுக்கன்று. ‘ஓட்டு’ இருக்க ‘டிரைவ் பண்ணு’ என்னும்போது ஓட்டுநர் முதலிய கிளைகளின் வேரில் நீர் வற்றுகிறது. நான் கண்டிக்க வேண்டியது அதனை. கண்டித்ததோ ‘கைது செய்’ என்பதை.

ஆய்வேட்டின் நான்காம் இயலைத் திருத்தி எழுதி வருகிறேன். முடிந்ததும் இவ்வட்டத்தின் முன் படிப்பேன். இங்குள்ள புலவர் பெருமக்கள் தயங்காது குறை கூற வேண்டுகிறேன்.