குளிர்நாட்டில் குழாய் வெடித்தால்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், பொழுது புலருமுன் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் நம் தம்பி மகன். ஹிமாசலப் பிரதேசத்தில், சிம்லாவுக்கு அப்பால் ஒரு மலைச் சிற்றூரிலுள்ள வங்கிக் கிளைக்கு மாற்றலாகி அவனுக்கு ஆறு மாதங்களே ஆகியிருந்தன. “பெரியப்பா, குழாயில் தண்ணீர் வரவில்லை. சுவருக்குள் ஏதோ நெறிபடுகிற சத்தம் கேட்கிறது. யாரைக் கூப்பிடுவது?” என்றான். அவ்வேளையில் மட்டாஞ்சேரியில் நம் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

அவன் நம்மைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கொச்சிக்கு வருமுன் நாம் சிம்லாவில் மூன்றாண்டுகள் பணியாற்றினோம். நகரில் வாடகை கட்டுப்படியாகாமல், பாகூவுக்குச் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். சிம்லாவே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ளது. நம் ஊர் அதனினும் உயர்ந்தது. ‘யாரைக் கூப்பிடுவது’ என்னும் கேள்வியை நாமும் ஒரு நாள் கேட்டோம்; கேட்க வேண்டிய காலம் கடந்த பின்னர்.

நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. குழாயின் நடுவே பனிக்கட்டி அடைத்துக்கொள்ள, அதற்கும் மூடிய திருகுக்கும் இடையே அகப்பட்ட நீர் செல்ல வழியின்றி நெருக்குண்கிறது. அந்நெருக்கத்தில் குழாய் பிளக்கிறது. ஆனால், பிளந்த அக்கணத்தில் ஒன்றும் தெரிவதில்லை. உறைந்த பனியே விரிசலை அடைத்து நிற்கும். பத்து மணிக்கு வெயில் சுவரின்மேல் ஏறி, உள்ளே பனி உருகிய பின்னரே வெள்ளம் பாயும். அப்போது வீட்டுக்காரன் அலுவலகத்தில் இருப்பான்!

நாமும் அவ்வாறே இருந்தோம். அன்று காலை குழாய் வறண்டிருந்தது. ‘குளிர்தானே, வெயில் வந்தால் சரியாகிவிடும்’ என்று அடுப்பங்கரையில் ஒரு குடம் நீரை வைத்துவிட்டுப் புறப்பட்டோம். வீட்டில் நம் அன்னையார் மட்டும் இருந்தார். எழுபத்தாறு வயது, ஹிந்தியில் பத்துச் சொற்களும் அறியாதவர். பதினொரு மணியளவில் சமையலறைச் சுவரிலிருந்து நீர் பீறிட்டது. உருகியும் உருகாத அந்த நீர் கணுக்காலளவு நிற்க, அன்னையார் படுக்கையைச் சுருட்டி மேசையில் ஏற்றிவிட்டு, வாசலில் வந்து நின்று “தண்ணி! தண்ணி!” என்று கூவியிருக்கிறார். அடுத்த வீட்டு அம்மையாருக்கு அச்சொல் விளங்கவில்லை. கதவின் கீழ் வழிந்த நீர் விளங்கிற்று. அவர் முற்றத்தில் ஒரு கற்பலகையை நகர்த்தி, அதன் கீழிருந்த வால்வைத் திருகி மூடினார். பின்னர் நம் அன்னையாரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, அடுப்பருகே அமர்த்தி, கால்களைக் கம்பளியால் சுற்றினார். அக்கற்பலகையை நான்கு மாதங்கள் நாள்தோறும் மிதித்து நடந்தவர் நாம். அதன் கீழ் வால்வு உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம்.

இதற்கிடையில், செய்தி கேட்ட நாம் அலுவலகத்திலிருந்து தியோக் நகரத்துக் கடையொன்றுக்குத் தொலைபேசியில் பேசினோம். மொழிபெயர்ப்பாளரல்லவா? அரசாங்கச் சொற்கோவையிலிருந்து ‘நல்சாஸ்’ என்னும் சொல்லை எடுத்து வீசினோம். கடைக்காரர், “எந்தச் சாமான் வேண்டும்?” என்று கேட்டார். பிறகு, “பைப் ஃபட் கயா” என்றதும் ஒரே நொடியில் புரிந்துகொண்டார். ஆனால், சாலையில் பனி இறுகிக் கிடந்தபடியால் ஆள் வர மூன்று நாளாகும் என்றார். அவர் சொன்னது பொய்யன்று. மூன்றாம் நாளே வந்தார். அன்னையாருக்கோ நெஞ்சுச்சளி கட்டி, இரண்டு இரவுகள் நாம் உறங்கவில்லை. நல்லவேளையாகத் தேறினார்.

இங்கே மட்டாஞ்சேரியில் குழாய்க்குப் பகை குளிரன்று, உப்புக் காற்று. இரும்புக் குழாய் அரித்து ஒழுகினால் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிடுவார். நம் வீட்டுக்கு வருபவர் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தவர். இந்திய நகரங்களில் குழாய்ப் பணி செய்வோரில் மிகப் பலர் அம்மாவட்டத்துப் பட்டாமுண்டை வட்டாரத்திலிருந்து வந்தவர்களே. அவரும் நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர். “பைப்பு பொட்டி” என்னும் மலையாளத் தொடரை நமக்குக் கற்பித்தவரும் அவரே!

மலைச் சிற்றூரில் அத்தகைய வசதியை எதிர்பார்த்தல் ஆகாது. குழாய் பழுது பார்ப்பவர் நாளையோ மறுநாளோ வருவார். நீரை நிறுத்த வேண்டியதோ இந்த நிமிடத்தில். ஆகவே, முதற்கண் தேட வேண்டியவர் வால்வு இருக்குமிடம் அறிந்தவர். ஹிமாசலத்தின் பல ஊராட்சிகளில் ‘ஜல் ரக்ஷக்’ என்னும் நீர்க் காவலர் உண்டு. ஊருக்கு நீர் திறந்து விடுபவர் அவர். அவரையும் அடுத்த வீட்டாரையும் ஐப்பசியிலேயே கண்டு பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் நள்ளிரவில் போய்ப் பெயர் கேட்பது நாகரிகமுமன்று, பயனுமன்று.

இவற்றையெல்லாம் அன்று தம்பி மகனுக்குச் சொல்லப் பொழுதில்லை. “முதலில் வால்வை மூடு, பிறகு வீட்டிலுள்ள திருகுகளையெல்லாம் திறந்து வை. நீர் சுடவைக்கும் கருவியை நிறுத்து. வெந்நீரில் நனைத்த துணியைத் திருகின் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுற்றிக்கொண்டே போ; அப்போதுதான் உருகிய நீர் வெளியேற வழியிருக்கும். நெருப்பை மட்டும் குழாயருகே கொண்டு போகாதே” என்றோம். “வால்வு எங்கே இருக்கிறது?” என்றான். நாம் சிரிக்கவில்லை. “அடுத்த வீட்டுக் கதவைத் தட்டு” என்றோம்.

அரைமணி நேரங் கழித்து மீண்டும் அழைத்தான். அடுத்த வீட்டுப் பெரியவர் கடப்பாரையுடன் வந்து, பனியைக் கிளறி வால்வைக் காட்டினாராம். மூடியாயிற்று, சுவரில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். “அவருக்கு எவ்வளவு கொடுப்பது, பெரியப்பா?” என்று கேட்டான். பணத்தை நீட்டிவிடாதே என்று தடுத்து, கும்பகோணத்திலிருந்து அவன் தாயார் அனுப்பிய காப்பித்தூள் மீதமிருக்கிறதா என்று விசாரித்தோம். இருக்கிறது என்றான். குழாயில் நீரில்லையே, காப்பிக்கு என்ன செய்வது என்றும் கேட்டான். முற்றத்தில்தான் பனி கிடக்கிறதே, சுத்தமானதாகப் பார்த்து அள்ளி நன்றாகக் கொதிக்க வை என்றோம்.