சபராளிகள் பென்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

(வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த சகோதரர்களும் கடைத்தெரு வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

இன்றைய தலைப்பைக் கேட்டதும், "ஹஜ்ரத்துக்கும் பென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தம்பிகள் சிரித்தது என் காதில் விழுந்தது. சம்பந்தம் இருக்கிறது. இருபத்தைந்து வருடம் பாலைவனத்தில் உழைத்துவிட்டு, அறுபது வயதில் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறவர் கடைசியாக வந்து நிற்கிற இடம் பள்ளிவாசல்தான். ஜமாஅத்தின் சிபாரிசுக் கடிதத்தோடு அடுத்த ஊருக்குப் போய்க் கையேந்துகிறவர்களில் எத்தனை பேர் ஒருகாலத்தில் ஊருக்கே அத்தர் கொண்டுவந்து கொடுத்தவர்கள் என்பதை இங்கே இருக்கும் முத்தவல்லிகளைக் கேளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். நாம் உழைக்கிற அந்த நாடுகள் நமக்கு முதுமைப் பென்ஷன் தருவதில்லை. சவுதியில் இருப்பவர்கள், "கோஸியில் என் பெயர் இருக்கிறதே" என்பார்கள். அது வேலை செய்யும்போது விபத்து ஏற்பட்டால் கிடைக்கிற பாதுகாப்பு. பென்ஷன் அந்நாட்டுக் குடிமக்களுக்குரியது. நமக்குக் கிடைப்பது சர்வீஸ் பணம் மட்டும். சவுதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு 21 நாள், பிறகு 30 நாள். அதுவும் மொத்தச் சம்பளத்தில் அல்ல, பேசிக்கில்! பேசிக் 1,000 திர்ஹம் உள்ளவர் பதினைந்து வருடம் உழைத்தால் கையில் கிடைப்பது 13,500 திர்ஹம். ஒரு குமரு காரியத்துக்குக்கூடப் பத்தாது. கம்பெனி திவாலானால் அதுவும் முழுதாகக் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆக, முதுமைக்கு நாம் நம் நாட்டைத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் கேள்வி வருகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்த நாட்டுப் பென்ஷன் திட்டத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? "அந்தக் காசில் ஒரு மனை வாங்கிப் போடலாமே, அரசாங்கத்தை நம்பலாமா, அதில் வட்டி இருக்கிறதே" என்று மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2008ல் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்காக ஒரு சட்டம் போட்டு நல வாரியம் அமைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற உறுப்பினர் மாதம் 350 ரூபாய் கட்டுகிறார். குறைந்தது ஐந்து வருடம் கட்டியிருந்தால் அறுபது வயதுக்குப் பிறகு குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 3,500 ரூபாய். இது 2022 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட கணக்கு. வியாபாரிகள் இங்கே இருக்கிறீர்கள், கணக்குப் போடுங்கள். இருபது வருடம் கட்டினாலும் மொத்தம் 84,000 ரூபாய். குறைந்தபட்சப் பென்ஷனையே வைத்துப் பார்த்தாலும் இரண்டே வருடத்தில் அது திரும்பி வந்துவிடுகிறது. எந்த மனையும் இப்படித் தராது. கேரளத்து நண்பர்கள் யாராவது "நிறுத்தலாமா?" என்று உங்களிடம் கேட்டால், நிறுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். தொடர்ந்து ஒரு வருடம் கட்டாமல் விட்டால் உறுப்பினர் தகுதியே போய்விடும். பிறகு பாக்கியையும் அபராதத்தையும் சேர்த்துக் கட்டியாக வேண்டும்.

அதற்காக அங்கே எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. அதே கேரளத்தில் 2023, 2024ல் ஏழைகளுக்கான சமூக நலப் பென்ஷன் மாதக்கணக்கில் நிலுவையானது. அரசாங்கத்தின் கஜானா காய்ந்தால் வாக்குறுதியும் காயும். ஆகவே பென்ஷனை மட்டுமே நம்பி உட்காராதீர்கள். ஆனால் அது ஒரு தூண்.

மத்திய அரசு என்ன செய்தது? 2012ல் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நம்மைப் போன்ற கூலித் தொழிலாளர்களுக்காகவே வந்த திட்டம் அது. நாம் கட்டினால் அரசும் தன் பங்காக வருடத்துக்கு 1,000 ரூபாய், பெண்களுக்கு 2,000 ரூபாய் பென்ஷன் கணக்கில் போடும். இந்தக் கூட்டத்தில் இதைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். (யாரும் கை உயர்த்தவில்லை.) இதுதான் நம் நிலைமை. சேர்ந்தவர்கள் மிகச் சொற்பம். 2017ல் திட்டத்தை மூடிவிட்டார்கள். மூடியவர்களைக் கேள்வி கேட்க நாம் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? பத்து லட்சம் பேர் பணம் கட்டுகிற திட்டத்தை எந்த அமைச்சரும் சத்தமில்லாமல் இழுத்து மூட முடியாது. அரசாங்கத்தை நம்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பணம் கட்டி ரசீது வைத்திருப்பவனுக்கு உரிமை இருக்கிறது. ஒதுங்கி நிற்பவனிடம் மனு மட்டுமே இருக்கிறது.

இப்போது மார்க்கத்தின் பக்கம் வருகிறேன். முதுமைக்குச் சேமிப்பது தவக்குலுக்கு எதிரானது என்று சிலர் பேசுகிறார்கள். யூசுப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான வருடங்களின் தானியத்தை ஏழு பஞ்ச வருடங்களுக்காகச் சேமித்து வைத்த வரலாற்றைக் குர்ஆன் நமக்குச் சொல்கிறது. நபியை விடவா நமக்குத் தவக்குல் அதிகம்? உமர் (ரலி) அவர்கள் யாசகம் கேட்ட ஒரு முதிய யூதரைக் கண்டு, வாலிபத்தில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று பைத்துல் மாலிலிருந்து அவருக்குக் கொடுக்கச் செய்ததை இமாம் அபூ யூசுப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார்கள். முதியவரைத் தாங்குவது அரசின் கடமை என்பது நமக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தந்த பாடம் அல்ல.

வட்டி விஷயத்தில் மட்டும் மழுப்ப முடியாது. சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கப்படும் பிராவிடண்ட் பண்ட் பற்றி முஃப்தி முஹம்மது ஷஃபி (ரஹ்) தனி நூலே எழுதியிருக்கிறார்கள். தொழிலாளியின் கைக்கு வராத பணத்தின் மீது சேர்த்துத் தரப்படும் தொகை வட்டியின் இலக்கணத்தில் வராது; ஆனால் தானாக விரும்பிக் கூடுதலாகக் கட்டுவதில் பேணுதல் வேண்டும் என்பது அவர்களின் ஆய்வு. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது என்.பி.எஸ்., நாமாக விரும்பிச் சேர்வது. 2009 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் அது திறந்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் தம் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டலாம். ஆனால் அந்தப் பணம் அரசுக் கடன் பத்திரங்களுக்கும் கம்பெனிக் கடன் பத்திரங்களுக்கும் போகிறது. பங்குகளில் மட்டும் போடச் சொன்னாலும் அதில் வங்கிப் பங்குகள் இருக்கும். வட்டியில்லாத தனிப் பிரிவு அதில் இல்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு அதில் சேருங்கள் என்று இந்த மேடையிலிருந்து நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் "ஹராம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதோடு நம் வேலை முடிந்துவிடுமா? மலேசியாவில் அரசின் தொழிலாளர் சேமநிதி 2017 ஜனவரியில் ஷரீஅத் முறையிலான தனிக் கணக்கைத் தொடங்கியது. பிரிட்டனில் அரசு ஏற்படுத்திய நெஸ்ட் பென்ஷன் நிறுவனத்திலேயே ஷரீஅத் பிரிவு இருக்கிறது. அங்கே முஸ்லிம்கள் சிறுபான்மையினர்தான்! இங்கே 2008ல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017ல் ரிசர்வ் வங்கி அதைக் கைவிட்டது. வங்கி வேண்டாம் என்றால் போகட்டும், பென்ஷனில் ஒரு பிரிவு தாருங்கள் என்று கேட்பதில் என்ன தவறு? வட்டி வேண்டாம் என்று நினைக்கிற மாற்றுமதச் சகோதரரும் அதில் சேரலாமே! தமிழக அரசிடமும் நமக்குக் கோரிக்கை உண்டு. வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் 2011லேயே நிறைவேறியது. வாரியம் அமைந்து உறுப்பினர் சேர்க்கை தொடங்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. கேரளத்தைப் போல மாதச் சந்தாவும் வாழ்நாள் பென்ஷனும் இங்கேயும் வேண்டும். அதற்கு முதல் படி, இப்போதுள்ள வாரியத்தில் எல்லோரும் பெயர் பதிவதுதான். ஊருக்கு ஒருவர் பதியாமல் இருந்தாலும் "உங்கள் ஆட்கள் எங்கே?" என்று அதிகாரி நம்மைத்தான் கேட்பார்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. சென்னையிலோ பெங்களூரிலோ ஆறேழு வருடம் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு விசா வந்ததும் பி.எப். கணக்கை முடித்துப் பணத்தை வழித்து எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள் நம் பிள்ளைகள். ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டுமே! ஆனால் 1995ஆம் வருடத்துப் பென்ஷன் திட்டத்தில் பத்து வருடச் சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். எட்டு வருடத்தில் பணத்தை எடுத்தவருக்கு அந்த எட்டு வருடமும் அழிந்தது. எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், நாடு திரும்பி மறுபடி வேலைக்குச் சேரும்போது பழைய வருடங்கள் கூடச் சேரும். 2014ல் வைத்த 15,000 ரூபாய் வரம்புப்படி பத்து வருடத்துக்கு மாதம் 2,142 ரூபாய்தான் வரும். சிறிய தொகைதான். மருந்து மாத்திரைக்கு மகனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது போதும்.

கடை முதலாளிமார்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் கடையில் பத்தொன்பது பேர் என்று கணக்கு எழுதுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ரமழானில் அதே பையன்களுக்கு ஜகாத் கொடுத்து மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். சட்டப்படி அவனுக்குச் சேர வேண்டியது அவனுடைய ஹக். ஹக்கை நிறுத்திவிட்டுக் கொடுக்கிற தர்மத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒரு சகோதரர் துண்டுச்சீட்டில் கேட்டிருக்கிறார்: "நாமினியாக மனைவி பெயரைக் கொடுத்திருக்கிறேன். என் மவுத்துக்குப் பிறகு பணம் முழுவதும் அவளுக்குத்தானே?"

இல்லை. நீங்கள் கட்டிச் சேர்ந்த தொகை உங்கள் சொத்து. நாமினி அதை வாங்கிக் கொடுக்கிற அமீன் மட்டுமே. 1983லேயே இன்ஷூரன்ஸ் பாலிசி தொடர்பான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் நாமினி உரிமையாளர் ஆகமாட்டார் என்றுதான் சொன்னது. கடன், வஸிய்யத் போக மீதியைத் தாய், தந்தை, மனைவி, பிள்ளைகள் என்று பராயிளு முறைப்படி பங்கு வைக்க வேண்டும். அரசு தன் திட்டத்திலிருந்து விதவைக்கென்று மாதாமாதம் தருகிற குடும்பப் பென்ஷன் வேறு. அது அவருக்குத் தரப்படும் உதவி, வாரிசுச் சொத்தாகாது. இரண்டையும் போட்டுக் குழப்பி உம்மாவுக்கும் மனைவிக்கும் சண்டை மூட்டிவிட்டு கபருக்குப் போகாதீர்கள். இன்றிரவே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் திட்டம், கணக்கு எண், எந்த வங்கி. பாஸ்போர்ட் நகலோடு வைத்து வீட்டில் இருவருக்குத் தெரியும்படி கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். வாரியத்தில் பதிவு செய்யத் தெரியாதவர்கள் நாளை இஷாவுக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். தம்பிகள் எழுதித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.