கோட்டைக்குள் நின்றவர்கள்



1803 ஓகஸ்டில் வன்னி அரசன் பண்டாரவன்னியன் இந்த முல்லைத்தீவில் இருந்த கோட்டையைத் தாக்கி, வெள்ளையரைக் கடல்வழியே ஓடவைத்த கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒக்ரோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் அவன் தோற்றதும் உங்களுக்குத் தெரியும். அங்கே நாட்டப்பட்ட கல்லில் இரண்டே பெயர்கள்: வென்ற கப்டன் ட்றிபேர்க், தோற்ற வன்னியன். கப்டன் என்ன, தனியாளாகவா வந்து சண்டை பிடித்தான்?

அன்று இலங்கையில் ஆங்கிலேயருக்காகத் துவக்குத் தூக்கியவர்களில் பெரும் பகுதியினர் இங்கிலாந்தைக் கண்ணாலும் காணாதவர்கள். ஒல்லாந்தரிடம் சேவகம் செய்த மலாயர், 1796இல் கொழும்பு கைமாறிய பின் புதிய எசமானிடம் வந்தார்கள். தென்னிந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். பீரங்கிகளோடு மாரடித்த லஸ்கர்கள் இருந்தார்கள். கோவாவில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்ட ஆபிரிக்கரும் இருந்தார்கள். ஆளுநர் நோர்த் இவர்களை வைத்துத்தான் படை கட்டினார்.

அந்த மலாயப் படைவீரன் எப்படி வாழ்ந்தான்? அக்காலத்து ஆங்கிலேய அதிகாரி றொபேட் பேர்சிவல் எழுதிவைத்திருக்கிறார். உடுப்பு ஏறக்குறைய வெள்ளைக்காரச் சிப்பாயின் உடுப்பு. காலில் மட்டும் சப்பாத்துக்குப் பதிலாகச் செருப்பு. இடுப்பில் எப்போதும் கிறிஸ் என்ற குறுவாள். சண்டை உக்கிரமானால் அரசாங்கம் கொடுத்த துவக்கை எறிந்துவிட்டு, அந்தக் குறுவாளோடு பாய்வானாம். அவன் இருந்த இடத்தில் அவன் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். படைமுகாம் என்றால் அங்கே அடுப்பு எரியும், குழந்தை அழும், தொழுகை நடக்கும். பின்வந்த தலைமுறைகளில் இந்தப் படைவீரர்கள் அரபு எழுத்தில் மலாய்க் கதைகளைக் கையால் படியெடுத்து வாசித்தார்கள். அவர்களில் சிலருக்கு எங்கள் அரபுத்தமிழும் தெரிந்திருந்தது. சம்பளத்துக்குச் சண்டை பிடித்த கூட்டம் என்று ஒரே சொல்லில் இவர்களைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த மண்ணில் கோட்டை விழுவதற்கு இரண்டு மாதம் முன்னர், 1803 யூனில், கண்டியில் ஆங்கிலேய மேஜர் டேவியின் படை காய்ச்சலில் நலிந்து சரணடைந்தது. அந்தப் படையிலிருந்த மலாயக் கப்டன் நூர்தீனைத் தன் சேவகத்துக்கு வரும்படி கண்டியரசன் கேட்டான். அவர் மறுத்தார், கொல்லப்பட்டார். கண்டியரசனின் படையிலும் மலாயர் இருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒரே மொழி, ஒரே தொழுகை, எதிரெதிர்த் துவக்குகள். இதை விளங்கிக்கொள்ள வன்னி மக்களுக்கு வேறொருவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் வன்னியனின் பக்கம் நிற்பவன். அவன் எதிர்த்தது அந்நிய ஆட்சியை. அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் பிழைப்புக்காக அந்த ஆட்சியின் உடுப்பைப் போட்டவன் மேல் எனக்குப் பகையும் இல்லை. அவனைக் கல்லில் எழுதாமல் விட்டவன் அவனை வேலைக்கு வைத்த அதே எசமான்தான்.

1827இல், மலாயர் படை உட்பட, ஆங்கிலேயரின் இந்தப் படைகளில் பல சிலோன் ரைபிள் ரெஜிமென்ற் என்று ஒன்றாக்கப்பட்டன. 1873இல் அதையும் கலைத்தார்கள். மலாயர் பலர் பொலிசுக்குப் போனார்கள். கொழும்பு கொம்பனித்தெருவில் மலே வீதி, ரைபிள் வீதி என்ற பெயர்களில் அவர்கள் சுவடு இன்னும் இருக்கிறது. அங்கே இருந்த பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் மலாய் மொழியில் 'அலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையே நடத்தினார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போகும்போது வன்னியனின் வீரத்தைச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் யாரை வைத்து இந்த நாட்டைப் பிடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொழும்பிலுள்ள மலாய்க் குடும்பங்களிடம் பழைய கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. அவற்றின் படிகளைக் கேட்டு வாங்கி எங்கள் நூலகத்தில் வைக்கும் வேலையை இந்த மன்றம் இன்றைக்கே எடுத்துக்கொள்ளட்டும். முதல் கடிதத்தை எழுத நான் ஆயத்தம்.